கண்ணுக்குள் ஒட்டுண்ணி: எடுப்பதா, கொல்வதா, அடக்கி வைப்பதா?

கண்ணின் வெண்பகுதியில் மெல்லிய நூல் போன்ற ஒன்று நெளிந்து நகர்வதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டவருக்கு, அதை உடனே வெளியே இழுத்துப் போட வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் வராது. விழித்திரையில் ஒட்டுண்ணியால் அழற்சி ஏற்பட்டிருக்கிறது என்று மருத்துவர் சொல்லக் கேட்டவருக்கோ, அதைக் கொல்லும் மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் தொடங்கலாம் என்பதே முதல் கேள்வியாக இருக்கும். இரண்டும் இயல்பானவையே. ஆனால் எடுக்க வேண்டிய இடத்தில் கொல்வதும், பொறுத்திருக்க வேண்டிய இடத்தில் அவசரப்படுவதும், பொறுக்கவே கூடாத இடத்தில் காத்திருப்பதும் பார்வையைப் பறித்துவிடக்கூடிய தவறுகள்.

கண்ணின் ஒட்டுண்ணித் தொற்றுக்கு மருத்துவம் வைத்திருக்கும் வழிகளைச் சுருக்கினால் மூன்றுதான் தேறும். ஒட்டுண்ணியை முழுதாக வெளியே எடுத்துவிடலாம். மருந்தாலோ லேசராலோ அது இருக்கும் இடத்திலேயே கொல்லலாம். அல்லது அதைத் தேடிப் போகாமல், அது கிளப்பும் அழற்சியை மட்டும் அடக்கிவிட்டுக் கவனித்துக்கொண்டிருக்கலாம். இவற்றில் எது பொருந்தும் என்பது ஒட்டுண்ணி கண்ணின் எந்தப் பகுதியில் இருக்கிறது, அது அங்கேயே செத்தால் என்ன ஆகும், உடலின் மற்ற பகுதிகளில் அதன் இனம் எவ்வளவு இருக்கிறது என்பவற்றைப் பொறுத்தது. என் கணிப்பில் அங்கேயே செத்தால் என்ன ஆகும் என்பதே இவற்றுள் முக்கியமானது; நோயாளிகள் பெரும்பாலும் கேட்காமல் விடும் கேள்வியும் அதுதான். உயிருள்ள புழு உடலின் எதிர்ப்பாற்றலிடமிருந்து தன்னை ஓரளவு மறைத்துக்கொள்ளத் தெரிந்தது. அது செத்து அதன் புரதங்கள் கசியத் தொடங்கும்போதுதான் அழற்சி மூள்கிறது. அதே அழற்சி தோலில் நடந்தால் சில நாள் தடிப்போடு போய்விடும். விழித்திரையில் நடந்தால் தழும்பாக நின்றுவிடும்.

எடுப்பதைத் தவிர வேறு யோசனையே வேண்டாத இடங்கள் சில உண்டு. ஈக்கள் கொண்டுவந்து விடும் தெலாசியா என்னும் புழு, இமைக்கும் விழிக்கும் இடையிலுள்ள மடிப்பில் வசிப்பது. மரப்பு மருந்துச் சொட்டு விட்டு, சிறு இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணைக் கழுவினால் வேலை முடிந்தது. தப்பிய புழு ஏதேனும் தென்படுகிறதா என்று சில நாட்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். கால்நடைகளின் கண்ணில் மட்டுமே இருப்பதாகக் கருதப்பட்ட தெலாசியா குலோசா என்ற இனம், முதல்முறையாக மனிதக் கண்ணில் காணப்பட்டதாக 2018-ல் அமெரிக்காவிலிருந்து செய்தி வெளியானபோதும் சிகிச்சை இதேதான். கண்ணில் ஈக்களின் இளம்புழுக்கள் விழுந்தாலும், நாய்களின் இதயப்புழுவுக்கு நெருங்கிய உறவான டைரோபைலேரியா வெண்பகுதியின் மேல்தோலுக்கு அடியில் சுருண்டிருந்தாலும் அப்படியே. இவை அநேகமாகத் தனியாக வந்தவை; மனித உடலில் பெருகுவதில்லை. ஆகவே வெளியே எடுத்ததோடு கதை முடிந்துவிடுகிறது.

இவற்றைப் போலவே தோற்றமளித்து ஏமாற்றுவது லோவா லோவா. மத்திய, மேற்கு ஆப்பிரிக்காவின் மழைக்காட்டுப் பகுதிகளில் கிரைசாப்ஸ் என்னும் கடிக்கும் ஈயால் பரவும் இந்தப் புழு, தோலுக்கு அடியில் ஊர்ந்து திரிந்து, அவ்வப்போது கண்ணின் வெண்பகுதியைக் கடந்து செல்லும். கடக்கும் நேரத்தில் மரப்பு ஊசி போட்டுச் சிறு வெட்டின் வழியே அதை எடுத்துவிடலாம். எரிச்சல் அடங்கும், எந்த இனம் என்று உறுதியாகவும் தெரிந்துவிடும். ஆனால் எடுத்தது ஒரு புழு மட்டுமே. தோலுக்கு அடியில் இன்னும் பல இருக்கலாம், ஒவ்வொன்றும் பத்தாண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது, அவை ஈன்ற நுண்புழுக்கள் பகல் நேரத்தில் இரத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும். கண்ணைக் கடக்கும் புழு தானாகவே போய்விடக்கூடியது, அநேகமாகப் பார்வையைக் கெடுப்பதும் இல்லை என்பதால், அதை எடுப்பதா வேண்டாமா என்பது இங்கே சிறிய முடிவு. உடலில் மிச்சமிருப்பதை எந்த மருந்தால் கொல்வது என்பதே பெரிய முடிவு.

அந்த முடிவுக்கு முன் ஓர் எண் தேவை: ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் எத்தனை நுண்புழுக்கள் இருக்கின்றன என்பது. காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையே எடுத்த இரத்தத்தில்தான் இதை எண்ண வேண்டும். இரவில் எடுத்தால் எண்ணிக்கை பொய் சொல்லும். டைஎத்தில்கார்பமசீன் என்னும் பழைய மருந்து நுண்புழுக்களோடு முதிர்ந்த புழுக்களையும் தாக்குவது. நோயை முற்றாகத் தீர்க்கும் வாய்ப்பு அதற்கே அதிகம். வழக்கமாக 21 நாட்கள் கொடுக்கிறார்கள்; சிலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சுற்றுகள் தேவைப்படும். ஆனால் எண்ணிக்கை 8,000-ஐத் தாண்டியவர்களுக்கு இதைக் கொடுத்தால், ஒரே நேரத்தில் சாகும் நுண்புழுக்களால் மூளை பாதிக்கப்பட்டு உணர்விழப்பு வரை போகலாம் என்பதால், முதலில் அல்பென்டசோலை 21 நாட்கள் கொடுத்து எண்ணிக்கையை மெதுவாகக் குறைத்துக்கொள்வது உண்டு. அல்பென்டசோலின் மந்தமே இங்கே அதன் சிறப்பு. பிற புழு நோய்களில் மிகவும் நம்பகமான ஐவர்மெக்டின், நுண்புழு மிகுந்த லோவா நோயாளியிடம் ஆபத்தானதாகிவிடுகிறது. 30,000-க்கு மேல் போனவர்களிடம் அந்த ஆபத்து மிகத் தீவிரம். 2015-ல் கேமரூனின் ஒகோலா மாவட்டத்தில், கைபேசியோடு இணைந்த சிறு நுண்ணோக்கியால் ஒவ்வொருவரின் இரத்தத்தையும் எண்ணி, 20,000-க்கு மேல் இருந்தவர்களை மட்டும் விலக்கிவிட்டு 15,000-க்கும் அதிகமானோருக்கு ஐவர்மெக்டின் கொடுத்தார்கள். விலக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு 2 பேர் அளவுதான்; மற்றவர்களில் எவருக்கும் கடுமையான மூளைப் பாதிப்பு நேரவில்லை. எண்ணிப் பார்த்துவிட்டு மருந்து கொடுப்பதன் பயனுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆற்றுக் குருடு என்று அழைக்கப்படும் ஆங்கோசெர்சியா நோயில் இதே மருந்துகளின் தகுதி தலைகீழாகிவிடுகிறது. இங்கே கண்ணைக் கெடுப்பவை கருவிழிக்குள்ளும் கண்ணின் முன்னறைக்குள்ளும் புகுந்து அங்கேயே சாகும் நுண்புழுக்கள். டைஎத்தில்கார்பமசீன் அவற்றை ஒட்டுமொத்தமாகக் கொன்று கண்ணையே பாழாக்கக்கூடியது என்பதால் இந்நோயில் அதைக் கொடுக்கக் கூடாது. ஐவர்மெக்டின் நுண்புழுக்களை மென்மையாகக் குறைக்கும். ஆனால் தோலடிக் கட்டிகளில் குடியிருக்கும் தாய்ப்புழுவைக் கொல்வதில்லை, ஆகவே 6 மாதத்துக்கோ 12 மாதத்துக்கோ ஒருமுறை, தாய்ப்புழுவின் ஆயுளான பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குத் தொடர வேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் ஒப்புதல் தந்த மாக்சிடெக்டின், நுண்புழுக்களை ஐவர்மெக்டினைவிட நீண்ட காலம் அடக்கி வைக்கிறது. தாய்ப்புழுவை அதுவும் கொல்லாது. டாக்சிசைக்ளின் வேறு பாதையில் செல்கிறது: புழுவின் உடலுக்குள் வாழ்ந்து அதன் இனப்பெருக்கத்துக்குத் துணைநிற்கும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை அழித்து, தாய்ப்புழுவை மலடாக்கி, காலப்போக்கில் சாகடிக்கிறது. நான்கு முதல் ஆறு வாரம் தினமும் மாத்திரை விழுங்க வேண்டும், கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் ஆகாது என்பவை அதன் குறைகள். ஊர் முழுவதற்கும் மருந்து கொடுக்கும் திட்டத்துக்கு அது ஒத்துவராது; நோய்ப் பகுதியை விட்டு வெளியேறி, நோய் பரப்பும் ஈயிடம் மீண்டும் கடிபட வாய்ப்பில்லாத ஒருவருக்கு அதைவிட நல்ல வழி இல்லை என்றே சொல்வேன். இரண்டு நோய்களும் ஒருவரிடமே இருந்தால் இன்னொரு நன்மையும் சேருகிறது. லோவா புழுவுக்குள் வோல்பாக்கியா கிடையாது. ஆகவே டாக்சிசைக்ளின் அதைச் சீண்டாமல் ஆற்றுக் குருடுப் புழுவை மட்டும் தாக்கும்.

இடத்தைப் பொறுத்து முடிவு மாறும் என்பதற்கு ஒரே நோயிலேயே சான்று வேண்டுமானால், பன்றி நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டியான சிஸ்டிசெர்கஸைப் பார்க்க வேண்டும். கண்ணை அசைக்கும் தசைக்குள் அது தங்கினால் கண் வீங்கும், பார்வை இரட்டையாகும், இமை தொங்கலாம். அல்ட்ராசவுண்டிலோ சி.டி. ஸ்கேனிலோ கட்டிக்குள் புழுத்தலை புள்ளியாகத் தெரிந்துவிட்டால், எடைக்கேற்ற அளவில் அல்பென்டசோலும் உடன் ஸ்டீராய்டும் சுமார் நான்கு வாரம் கொடுப்பதே முறை. தசையைக் கீறிக் கட்டியை எடுக்கப் போனால் தழும்பு விழுந்து கண்ணின் அசைவு நிரந்தரமாகக் கெடலாம்; தசையோ அழற்சியைத் தாங்கக்கூடியது. அதே கட்டி விழித்திரைக்கு அடியிலோ, விழியின் நடுவே உள்ள விட்ரியஸ் கூழ்மத்திலோ இருந்தால் கணக்கு அப்படியே மாறிவிடும். அங்கே மருந்தால் கொன்றால் எழும் அழற்சி விழித்திரையைப் பிரித்து, கண்ணைச் சுருங்கச் செய்துவிடக்கூடும். தானாகச் சாகட்டும் என்று காத்திருந்தாலும் அதே கதிதான். அறுவை செய்து கட்டியை வெளியேற்றுவதே வழி. முழுதாக எடுப்பதா, நுண்கருவியால் உள்ளேயே துண்டித்து உறிஞ்சுவதா என்பதை அறுவை மருத்துவர் கட்டியின் அளவையும் இடத்தையும் பார்த்து முடிவு செய்வார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டிகள் மூளையில் வந்து, வலிப்புக்காக நரம்பியல் மருத்துவரிடம் போகிறவர்களே மிகுதி. அவர்களுக்கு அல்பென்டசோல் தொடங்குவதற்கு முன் கண்ணின் உட்புறத்தைப் பரிசோதித்துவிட வேண்டும் என்று சிகிச்சை நெறிமுறைகள் சொல்கின்றன. தொந்தரவு தராமல் விழித்திரை ஓரத்தில் கிடக்கும் ஒரு கட்டி, மூளைக்காகக் கொடுத்த மருந்தால் செத்து, பார்வையைக் கொண்டுபோய்விடும் என்பதே காரணம். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் சோதனை அது.

நாய், பூனைகளின் குடற்புழுவான டாக்சோகாராவின் இளம்புழு கண்ணுக்குள் சென்றால், பெரும்பாலும் குழந்தைகளின் ஒரு கண்ணில், வெள்ளைக் கட்டியாகக் காட்சி தருகிறது. 1950-ல் ஹெலனோர் வைல்டர் என்ற ஆய்வாளர், அகற்றப்பட்ட குழந்தைகளின் கண்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, புற்றுக்கட்டி என்று சந்தேகிக்கப்பட்ட சிலவற்றில் உண்மையில் புழுவின் தடயங்களே இருந்தன. இன்றும் ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்வதே முதல் வேலை. சிகிச்சைத் தேர்வு அதற்குப் பிறகுதான். புழு நோய் என்று தெளிந்த பின், அதைக் கொல்வதால் கண்ணுக்குப் பயன் உண்டா என்பது உறுதிப்படவில்லை. கண்ணுக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரே இளம்புழு, அது அநேகமாக ஏற்கெனவே செத்திருக்கும். ஆகவே ஸ்டீராய்டால் அழற்சியை அடக்குவதே அடிப்படைச் சிகிச்சை. அல்பென்டசோலைச் சில மருத்துவர்கள் ஸ்டீராய்டின் துணையோடு சேர்த்துக்கொள்கிறார்கள். அழற்சியின் இழைகள் விழித்திரையை இழுக்கத் தொடங்கினால் அறுவை. உயிரோடு ஊர்ந்து விழித்திரையைச் சிறிது சிறிதாகக் கெடுக்கும் வேறொரு வகை இளம்புழு உண்டு. அது மருத்துவரின் கண்ணில் பட்டுவிட்டால் லேசரால் அந்த இடத்திலேயே சுட்டுவிடலாம். வியப்பு என்னவென்றால், அவ்வளவு சிறிய உடல் சுடப்படுவதால் பெரிய அழற்சி வருவதில்லை. புழு தென்படாதபோது 30 நாள் அல்பென்டசோல் கொடுக்கப்படுகிறது.

இதுவரை புழுக்கள். ஒற்றைச் செல் உயிரிகளிடம் எடுப்பது என்ற வழியே அநேகமாக இல்லை. கொல்வதற்கும் காத்திருப்பதற்கும் இடையில்தான் தேர்வு.

காண்டாக்ட் லென்ஸ் அணிந்தபடியே குளிப்பவர்களையும் நீந்துபவர்களையும், லென்ஸைக் குழாய் நீரில் கழுவுபவர்களையும் அதிகம் தாக்கும் அகாந்தமீபா கருவிழிப் புண்ணில் காத்திருப்பதற்கு இடமே இல்லை. முதல் சில வாரங்களுக்குள் மருந்து தொடங்கியவர்களுக்கும் தாமதித்தவர்களுக்கும் இறுதியில் மிஞ்சும் பார்வையில் பெரிய வேறுபாடு உண்டு. தொடக்கத்தில் ஹெர்ப்பிஸ் வைரஸ் புண் போலவே தோற்றமளிப்பதால் வைரஸ் மருந்திலும் ஸ்டீராய்டிலும் நாட்கள் வீணாவது வழக்கமான சோகம். லென்ஸ் அணிபவர், புண்ணின் அளவுக்குப் பொருந்தாத வலி, வைரஸ் மருந்துக்கு அடங்காமை ஆகியவை சேர்ந்திருந்தால், கருவிழியைச் சுரண்டி எடுத்த மாதிரியில் பி.சி.ஆர். சோதனையோ வளர்ப்புச் சோதனையோ, வசதியிருந்தால் கருவிழியை நேரடியாகவே பார்க்கும் கான்ஃபோகல் நுண்ணோக்கிச் சோதனையோ கேட்பது நோயாளியின் உரிமை.

இந்த அமீபா தொல்லை நேரும்போது தடித்த உறைக்குள் புகுந்துகொள்ளும். உறையைத் துளைக்கும் மருந்துகள் மிகச் சில. பி.எச்.எம்.பி. எனப்படும் பாலிஹெக்சனைடு 0.02 சதவீதம், குளோர்ஹெக்சிடின் 0.02 சதவீதம் ஆகிய இரண்டும் சொட்டு மருந்துகளே. இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வில் பொருளுள்ள வேறுபாடு தெரியவில்லை. ஆகவே நல்ல முறையில் தயாரிக்கப்பட்டு உடனே கிடைப்பது எதுவோ அதைத் தொடங்குவதே சரி. இவற்றோடு புரோபமிடின் என்ற இன்னொரு மருந்தையும் சேர்ப்பது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. பாலிஹெக்சனைடை 0.08 சதவீதச் செறிவில் தனியாகக் கொடுத்து, அந்தக் கூட்டுச் சிகிச்சையோடு ஒப்பிட்டபோது, இரு தரப்பிலும் நூற்றுக்கு 80-க்கும் மேற்பட்டோர் மருந்தாலேயே குணமடைந்தனர். 2024-ல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு ஒப்புதல் அளித்தது. இரண்டு புட்டிகளுக்குப் பதில் ஒன்று என்பது சிறிய வசதியாகத் தோன்றலாம். மணிக்கு ஒருமுறை சொட்டு விட்டுக்கொண்டு தொடங்கி மாதக்கணக்கில் தொடரும் சிகிச்சையில், நோயாளி களைத்துப்போய்ப் பாதியில் நிறுத்தாமல் இருப்பதற்கு அந்த வசதி பெரிதும் உதவும்.

ஸ்டீராய்டு இங்கே இருமுனைக் கத்தி. நோய் இன்னதென்று தெரிவதற்கு முன் போட்டால் விளைவு மோசமாகிறது என்பது தெளிவு. அமீபா மருந்து சில வாரம் நன்றாக வேலை செய்த பிறகு, தாங்க முடியாத வலியோடு அழற்சி நீடித்தால், மருந்தை நிறுத்தாமல் அதன் மறைவில் எச்சரிக்கையாகச் சேர்க்கலாம். கருவிழி மாற்று அறுவையிலும் காலமே எல்லாம். கண் சிவந்து கொதித்துக்கொண்டிருக்கும்போது மாற்றினால் புதுக் கருவிழியிலும் அமீபா ஏறிக்கொள்ளும், உடலும் அதை எளிதில் நிராகரிக்கும். கருவிழி ஓட்டை விழும் நிலைக்கு வந்தாலொழிய, தொற்று முற்றாக அடங்கி மாதங்கள் கழியும் வரை தள்ளிப்போடுவதே நல்லது.

டாக்சோபிளாஸ்மா இதற்கு நேர்மாறானது. பூனைக் கழிவு கலந்த மண், நீர் வழியாகவோ சரியாக வேகாத இறைச்சி வழியாகவோ வரும் இது, விழித்திரையில் உறைகளாக உறங்கிக் கிடந்து, பழைய தழும்பின் ஓரத்தில் மீண்டும் மீண்டும் விழித்துக்கொள்ளும். எதிர்ப்பாற்றல் நன்றாக உள்ளவரிடம் ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு மாதங்களில் தானாகவே அடங்கிவிடும். எந்த மருந்தும் உறங்கும் உறைகளை அழிப்பதும் இல்லை. அதனால், விழித்திரையின் ஓரத்தில் சிறிய புண், கலங்கல் குறைவு, பார்வை நன்றாக இருக்கிறது என்றால், மருந்தில்லாமல் அடிக்கடி பரிசோதித்துக்கொண்டிருப்பது பொறுப்பற்ற செயலாகாது. புண் மையப் பார்வைக்குரிய மேக்குலாவுக்கோ பார்வை நரம்புக்கோ அருகில் இருந்தாலோ, விட்ரியஸ் கலங்கிப் பார்வை மங்கினாலோ, நோயாளியின் எதிர்ப்பாற்றல் குன்றியிருந்தாலோ அந்தப் பொறுமைக்கு இடமில்லை.

மருந்து என்று முடிவானால், பைரிமெத்தமின், சல்ஃபடயசின், போலினிக் அமிலம், ஸ்டீராய்டு ஆகியவை சேர்ந்த பழைய கூட்டு ஒரு பக்கம்; டிரைமெத்தோபிரிம்-சல்ஃபாமெத்தாக்சசோல் என்ற எளிய மாத்திரையும் ஸ்டீராய்டும் இன்னொரு பக்கம். பைரிமெத்தமின் எலும்பு மஜ்ஜையை ஒடுக்கக்கூடியது என்பதால் வாரந்தோறும் இரத்த அணுக்களை எண்ண வேண்டும். போலினிக் அமிலத்துக்குப் பதிலாகச் சாதாரண போலிக் அமிலத்தைக் கொடுத்துவிடவும் கூடாது. 2005-ல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் புண் சுருங்கிய அளவு பழைய கூட்டில் 61 சதவீதம், எளிய மாத்திரையில் 59 சதவீதம். விளைவு ஏறக்குறைய ஒன்றே என்றால், தொல்லை குறைந்ததை முதலில் தேர்வதே நியாயம். கண்ணுக்குள்ளேயே கிளிண்டமைசினும் டெக்சாமெத்தசோனும் ஊசியாகப் போடுவது மூன்றாவது வழி. சல்ஃபா ஒவ்வாதவர்களுக்கும், மாத்திரைகளைத் தவிர்க்க விரும்பும் கர்ப்பிணிகளுக்கும் அது பொருந்தும். எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு அது மட்டும் போதாது, அவர்களின் மூளையிலும் இதே உயிரி விழித்திருக்கலாம். எந்த வழியானாலும் ஸ்டீராய்டை மட்டும் தனியே கொடுப்பது கூடாது. துணை மருந்து இல்லாமல் கொடுத்த ஸ்டீராய்டு விழித்திரையைப் பெருமளவில் அழித்த நிகழ்வுகள் மருத்துவப் பதிவுகளில் இருக்கின்றன.

புண் ஆறிய பிறகு எழும் கேள்வி, மீண்டும் வராமல் தடுக்க மாத்திரையைத் தொடர்வதா என்பது. பிரேசிலில் 124 பேரிடம் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், 3 நாளுக்கு ஒரு மாத்திரை என்ற கணக்கில் டிரைமெத்தோபிரிம்-சல்ஃபாமெத்தாக்சசோல் எடுத்தவர்களில் 20 மாதங்களுக்குள் நோய் திரும்பியது 6.6 சதவீதத்தினரிடம், எடுக்காதவர்களில் 23.8 சதவீதத்தினரிடம். பலன் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் எடுக்காதவர்களிலும் நான்கில் மூன்று பேருக்கு அந்தக் காலத்தில் நோய் திரும்பவில்லை. மாத்திரை எடுப்பவர்களில் சிலருக்கோ சல்ஃபா ஒவ்வாமை வரும், அது சில வேளை கடுமையாகவும் இருக்கும். தழும்பு ஓரத்தில் இருந்து, ஒரே ஒருமுறை வந்து போனவருக்கு அந்த விலை மிகை. அடிக்கடி திரும்புகிறவருக்கும், தழும்பு மேக்குலாவின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருப்பவருக்கும், மறு கண்ணில் ஏற்கெனவே பார்வை இழந்தவருக்கும் ஓராண்டுக்காவது மாத்திரையைத் தொடரச் சொல்வதே என் பரிந்துரை. தோலில் தடிப்பு எழுந்த அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்ற எச்சரிக்கையோடு.